குறை சொல்லும் உரிமை

லண்டனில் நம்மவர்கள் கூடும் எந்த இடத்திலும், கோயில் மடமோ கலியாண மண்டபமோ செத்தவீடோ, பேச்சு ஒரு கட்டத்தில் வைத்தியத்துக்கு வந்து சேரும். குடும்ப டொக்டரான ஜி.பி.யைப் பார்க்க மூன்று கிழமை காத்திருந்ததை ஒருவர் சொல்வார். ஆம்புலன்ஸ் வராததால் தகப்பனைத் தன்னுடைய காரிலேயே ஏற்றிப் போனதை இன்னொருவர் சொல்வார். கடைசியில் எல்லாருக்குமாக ஒருவர் தீர்ப்புச் சொல்வார்: “என்.எச்.எஸ். முடிஞ்சுது.”

அந்தத் தீர்ப்புக்கு இப்போது ஓர் எண்ணும் கிடைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் பிரித்தானிய சமூக மனப்பான்மைக் கணக்கெடுப்பில் என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவையைப் பற்றித் திருப்தி தெரிவித்தவர்கள் 21 வீதம். திருப்தியில்லை என்றவர்கள் 59 வீதம். 1983இல் அந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அந்த ஆண்டுவரை திருப்தி அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு வாதம் வளர்ந்து நிற்கிறது. பத்திரிகைப் பத்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கேட்ட அதே வாதத்தை நம்மவர் வாயிலும் இப்போது கேட்கிறேன். வரிப்பணத்தில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்பது அது தொடங்கிய 1948க்குப் பொருந்திய ஏற்பாடு; மக்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள்; இனிக் காப்புறுதி முறைக்கு மாறவேண்டியதுதான்; காசு கட்டுகிறவனைத்தான் வைத்தியசாலை மதிக்கும். இதுதான் அந்த வாதம்.

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். அந்த எண் எதை அளக்கிறது என்பதை இந்த வாதம் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறது. எண் ஏன் விழுந்தது என்பதை மறைக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மக்களின் வாயில் அவர்கள் சொல்லாத சொல்லை வைப்பதுதான்.

முதலில் எண்ணையே பார்ப்போம். அதே 2024இல் இங்கிலாந்தில் ஜி.பி. நோயாளர் கணக்கெடுப்பு என்று இன்னொன்றும் நடந்தது. அது இலட்சக்கணக்கானோரிடம் அவரவர் பதிந்திருக்கும் வைத்திய நிலையத்தில் அனுபவம் எப்படி என்று கேட்கும். நல்லது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 74 வீதம். சமூக மனப்பான்மைக் கணக்கெடுப்பில் “ஜி.பி. சேவை” என்று பொதுவாகக் கேட்டபோது திருப்தி என்றவர்கள் 31 வீதம்தான். ஆண்டும் ஒன்று, டொக்டர்மாரும் அவர்களேதான். “உங்களுடைய ஜி.பி. எப்படி?” என்றால் நான்கில் மூவர் நல்லவர் என்கிறார்கள். “நாட்டின் ஜி.பி. சேவை எப்படி?” என்றால் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை.

இரண்டு பதிலும் உண்மைதான். முதற் கேள்விக்கு மனிதர் தான் கண்டதைச் சொல்கிறார். இரண்டாவதற்குத் தான் கண்டதோடு செய்தியில் பார்த்ததையும், அயலட்டையில் கேட்டதையும், அரசாங்கத்தின்மேல் உள்ள நம்பிக்கையையோ வெறுப்பையோ, நாளைக்குத் தனக்கு ஏதும் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தையும் சேர்த்துச் சொல்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 21 நாடுகளை வைத்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. நாட்டின் சுகாதார அமைப்பைப் பற்றிய திருப்தி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில், நோயாளராக அவர் பட்ட அனுபவம் விளக்கியது பத்தில் ஒரு பங்கு அளவைத்தான். மிச்சம் எல்லாம் வேறு எங்கிருந்தோ வருகிறது.

நாடுகளை ஒப்பிட்டாலும் இதே கதைதான். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சுகாதார அமைப்புகளை வரிசைப்படுத்தியபோது இத்தாலிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. டென்மார்க் 34ஆவதாக நின்றது. அந்தக் காலத்திலேயே மக்களைக் கேட்டபோது இத்தாலியரில் ஐந்தில் ஒருவர் அளவில்தான் திருப்தி என்றார்கள். டென்மார்க்காரரில் பத்தில் ஒன்பது பேர் திருப்தி என்றார்கள். அந்த வரிசையில் குறை இருந்திருக்கலாம், அது வேறு வழக்கு. திருப்தி எண்ணை மட்டும் தூக்கிப் பிடித்து ஓர் அமைப்பு வாழ்கிறது, செத்துவிட்டது என்று சான்றிதழ் எழுத முடியாது என்பதற்கு இது போதும்.

அப்படியானால் அந்த எண் பயனற்றதா? இல்லை. அது ஒன்றைச் சொல்கிறது. அது என்னவென்று அறிய அதன் நாற்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும். கைவிடச் சொல்பவர்கள் அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தை மட்டுமே வாசிக்கிறார்கள்.

1997இல் திருப்தி 34 வீதம். அப்போதும் இதே பேச்சு இருந்தது: இந்த முறை காலாவதியாகிவிட்டது, வேறு நாடுகளைப் பாருங்கள் என்றார்கள். பிறகு என்ன நடந்தது? 2000இன் தொடக்கத்தில் பிரதமர் டோனி பிளேயர், சுகாதாரச் செலவை ஐரோப்பியச் சராசரிக்கு உயர்த்துவதாகத் தொலைக்காட்சியில் வாக்களித்தார். பணம் எந்த வழியில் திரட்டுவது என்று ஆராய்ந்த வான்லெஸ் அறிக்கை, பொது வரியே நியாயமானதும் சிக்கனமானதுமான வழி என்று 2002இல் முடிவு சொன்னது. அதையடுத்துத் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு 1 வீதப் புள்ளி உயர்த்தப்பட்டது. டொக்டர்மாரும் தாதிமாரும் கூடினார்கள். ஜி.பி. அனுப்பிவைத்த நாளிலிருந்து 18 கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதை எட்டியும் காட்டினார்கள். 2010இல் திருப்தி 70 வீதம். அந்தப் பதின்மூன்று ஆண்டில் வரியால் நடக்கும் முறை மாறவில்லை, வைத்தியம் இலவசம் என்பதும் மாறவில்லை. பணம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், வரிசை குறைந்தது, திருப்தி இரட்டிப்பானது.

பிறகு இறக்கம். சேவை தொடங்கியதிலிருந்து பணவீக்கம் போக ஆண்டுக்குச் சராசரி மூன்றரை வீதத்துக்கும் மேல் வளர்ந்துவந்த சுகாதாரச் செலவு, 2010க்குப் பிந்திய சிக்கன ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 வீதம் அளவுக்கே வளர்ந்தது. மக்கள்தொகை கூடியது, முதியோர் கூடினார்கள், புதிய மருந்துகளின் விலை ஏறியது. கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒதுக்கிய பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டார்கள். ஏ அண்ட் ஈ எனப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் 95 வீதமானோரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு இங்கிலாந்தில் 2015க்குப் பிறகு எட்டப்படவில்லை. 18 கிழமை இலக்கு 2016இன் தொடக்கத்தோடு கைநழுவிப் போனது. 2010இல் ஏறக்குறைய 25 இலட்சமாக இருந்த காத்திருப்புப் பட்டியல், கொரோனா வருமுன்பே 45 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2023இல் ஏறக்குறைய 77 இலட்சம். 2024 செப்டெம்பரில் வெளிவந்த, சேவையின் நிலையை ஆராய்ந்த டார்ஸி பிரபுவின் அறிக்கை, கட்டடங்களிலும் கருவிகளிலும் போட்டிருக்க வேண்டிய ஏறக்குறைய 3,700 கோடி பவுண் போடப்படவே இல்லை என்றது.

எண் ஏறியபோது வரிசை குறைந்தது, எண் விழுந்தபோது வரிசை நீண்டது. இடையில் மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று: வரியால் நடக்கும் இலவச வைத்தியம். இரண்டு காலத்திலும் ஒரேமாதிரி இருந்த ஒன்றை விழுந்ததற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இதோடு இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த எண் வரிசையை மட்டும் அளப்பதில்லை, நம்பிக்கையையும் அளக்கிறது. 2018இல் 53 வீதமாக இருந்த திருப்தி 2019இல் 60 வீதமானது. அந்த ஆண்டில் வரிசை குறையவில்லை, கூடியது. ஆனால் சேவையின் 70ஆவது பிறந்தநாளை ஒட்டி அரசாங்கம் பெருந்தொகை ஒன்றை அறிவித்திருந்தது. நீண்டகாலத் திட்டமும் வெளிவந்திருந்தது. யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணமே மக்களைச் சற்று ஆறுதலடைய வைத்தது. ஆக, 21 வீதம் என்பது காத்திருப்பின் நீளமும் அரசாங்கத்தின்மேல் உள்ள நம்பிக்கையின் குறைவும் சேர்ந்த எண். இலவச வைத்தியம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பின் முடிவு அதில் இல்லை.

அந்த வாக்கெடுப்பு வேறாக நடந்திருக்கிறது. அதே மக்களிடம், அதே கணக்கெடுப்பில். 2023இல் திருப்தியில்லை என்றவர்களிடம் ஏன் என்று கேட்டார்கள். 71 வீதத்தினர் ஜி.பி.க்கும் வைத்தியசாலைக்கும் காத்திருக்கும் காலத்தைச் சொன்னார்கள். 54 வீதத்தினர் ஆட்கள் போதாது என்றார்கள். 47 வீதத்தினர் அரசாங்கம் போதிய பணம் செலவிடவில்லை என்றார்கள். பிறகு அடிப்படையைப் பற்றிக் கேட்டார்கள். சிகிச்சை பெறும் இடத்தில் காசு வாங்கக் கூடாது என்ற கொள்கை தொடர வேண்டும் என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். வரியால்தான் நடக்க வேண்டும் என்று ஐந்தில் நால்வர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு திருப்தி 21க்கு விழுந்தபோதும் இந்தப் பதில்கள் பெரிதாக அசையவில்லை.

கூரை ஒழுகுகிறது, வந்து ஓடு மாற்று என்று ஒருவர் கூப்பிடுகிறார். வந்தவர் ஓட்டைப் பார்க்காமல், வீடே உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, விற்றுவிடு என்கிறார். 21 வீதத்தை வைத்துக் காப்புறுதிக்கு ஆள் சேர்ப்பவர்கள் செய்வது இதைத்தான்.

அடுத்து, காசு கட்டுகிறவனுக்குக் கிடைக்கும் மதிப்பைப் பற்றிய பேச்சு. இது நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காரணமும் எனக்குத் தெரியும்.

என் மாமி ஒருவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் முழு உடற்பரிசோதனை செய்துகொண்டு வருவார். திரும்பி வந்ததும் அந்தக் கோப்பை மேசையில் வைத்து எங்களுக்குக் காட்டுவார். பளபளக்கும் அட்டை, உள்ளே இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஸ்கான், இதய எக்கோ எல்லாம் வரிசையாக, எல்லாம் ஒரே நாளில். “காலமை போனனான், பின்னேரம் றிப்போட் கையிலை. எல்லாரும் அம்மா அம்மா எண்டுதான் கதைக்கினம். இஞ்சை இருமலுக்குப் போனா அந்த டொக்டர் நெஞ்சிலை குழாயை வைச்சுப் பாத்திட்டுப் பனடோலைப் போடுங்கோ, தண்ணி குடியுங்கோ எண்டு அனுப்பிப்போட்டார். அன்ரிபயோடிக் கூடத் தரேல்லை.”

மாமியின் திருப்தியும் உண்மை, கோபமும் உண்மை. அங்கே அவரை மதித்துக் கதைத்தார்கள். அது இங்கேயும் கிடைக்க வேண்டியது, அதில் எனக்கு வேறு கருத்தில்லை. ஆனால் வைத்தியத்தைப் பாருங்கள். வைரஸால் வரும் சாதாரண இருமலுக்கு அன்ரிபயோடிக் உதவாது. தேவையில்லாமல் கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும். உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது. நெஞ்சைச் சோதித்துவிட்டு மருந்து வேண்டாம் என்று சொன்ன அந்த டொக்டர் சரியான வைத்தியம் செய்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது கெட்ட பெயர்.

இது மாமி ஒருவரின் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்களை எடுத்துப் பார்த்து 2016இல் வெளிவந்த ஆய்வு, அன்ரிபயோடிக் குறைவாக எழுதும் நிலையங்களுக்கு நோயாளர் திருப்திப் புள்ளியும் சற்றுக் குறைவாகவே கிடைப்பதைக் கண்டது. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2012இல் வந்தது. தங்கள் டொக்டரைப் பற்றி மிக அதிகமாகத் திருப்தியடைந்திருந்தவர்கள் மருந்துக்கும் வைத்தியத்துக்கும் கூடுதலாகச் செலவழித்தார்கள், வைத்தியசாலைகளில் கூடுதலாகத் தங்கினார்கள். அவர்களிடையே இறப்பு விகிதமும் 26 வீதம் அதிகமாக இருந்தது. திருப்திதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆய்வில் இரண்டு சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றாகாது. ஆனால் நோயாளரைத் திருப்திப்படுத்துவதும் நோயாளரைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பது கடைக்காரரின் தொழில். கேட்டது கெடுதல் என்றால் மறுப்பது வைத்தியரின் கடமை. காசு கைமாறாத இடத்தில்தான் அந்த மறுப்பை அச்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

எதிர்ப்பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். திருப்தி கூடியிருக்கும் இடத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைப்பதும் ஆபத்து. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை அமர்த்தியா சென் பலமுறை எடுத்துக் காட்டியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 வீதத்தினர் தங்களுக்கு நோய் என்றோ உடல்நிலை சரியில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 வீதம்தான். பஞ்சத்தில் அடிபட்ட ஊரில் கைம்பெண்கள்தான் ஆரோக்கியமாக இருந்தார்களா? தங்கள் உடலைப் பற்றிக் குறை சொல்லலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்கவில்லை. இந்தியாவிலேயே நீண்டகாலம் வாழும் கேரளத்து மக்கள் தங்களுக்கு நோய் அதிகம் என்று சொல்வதும், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவாகச் சொல்வதும் இதன் மறுபக்கம் என்கிறார் சென். படித்தவர், டொக்டரைக் கண்டவர், தனக்கு உரியது எதுவென்று அறிந்தவர்தான் குறை சொல்வார்.

என் அம்மம்மாவை நான் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. போர்க்காலத்தில் வடக்கில் மருந்துத் தட்டுப்பாடு இருந்த நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தார். கட்டில் இல்லை, நிலத்தில் பாய். அவருக்குத் தேவையான மருந்து வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் எப்படி அம்மம்மா என்று கேட்டோம். “அதுகள் என்ன செய்யும், இருந்ததை வைச்சு நல்லாத்தான் பாத்ததுகள்” என்றார். எந்தக் கணக்கெடுப்புக்காரர் வந்து கேட்டிருந்தாலும் அவர் திருப்தி என்றுதான் சொல்லியிருப்பார். அந்தத் திருப்தியில் அங்கே வேலை செய்தவர்களின் அர்ப்பணிப்புக்கு உரிய நன்றி இருந்தது. அதோடு, இதற்குமேல் கேட்க நமக்கு என்ன இருக்கிறது என்ற ஒடுக்கமும் இருந்தது. அப்படி ஒரு திருப்தியை யாருக்கும் நான் வேண்டமாட்டேன்.

பிரித்தானியாவிலேயே இதற்கு வலிக்கும் உதாரணம் உண்டு. மிட் ஸ்டஃபர்ட்ஷயர் வைத்தியசாலை அறக்கட்டளையில் 2005க்கும் 2009க்கும் இடையில் நடந்தவற்றை ரொபர்ட் பிரான்ஸிஸ் தலைமையிலான விசாரணை 2013இல் விரிவாகப் பதிவு செய்தது. தாகத்துக்குத் தண்ணீர் எட்டாமல் கிடந்த முதியவர்கள், மாற்றப்படாத அழுக்குப் படுக்கைகள், இலக்கையும் கணக்கையும் பார்த்துக்கொண்டு நோயாளரைப் பார்க்காத நிருவாகம். அதே ஆண்டுகளில்தான் நாட்டளவிலான திருப்தி ஏறிக்கொண்டிருந்தது. 70 வீத உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொடுமையை எந்தத் திருப்தி எண்ணும் வெளியே கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர்கள், தாயையும் தகப்பனையும் அங்கே பறிகொடுத்துவிட்டு வாய்மூடி இருக்க மறுத்த குடும்பங்கள். சவுத்தோல் முதல் ஸ்டஃபர்ட் வரை எந்த ஊர் நோயாளிக்கும் காவல் நிற்பது அப்படிப்பட்ட குறைதான்.

இனி என்னிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி: அப்படியானால் காத்திருப்பு எல்லாம் கற்பனையா? இல்லை. அதன் வலி எனக்கு நேரில் தெரியும்.

ஒரு தை மாதத்து இரவு எழுபத்தெட்டு வயது அம்மா குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதுவரை குளிர்ந்த தரையில், தலைக்குக் கீழே என் ஜக்கெற், மேலே வீட்டிலிருந்த போர்வையெல்லாம். வைத்தியசாலையில் உள்ளே இடமில்லை. நடைபாதையில் சுவரோரம் தள்ளுகட்டிலில் விடியும்வரை கிடந்தார். ஆட்கள் போய்வந்தபடி இருந்தார்கள், விளக்கு அணையவே இல்லை. சிறுநீர் கழிக்கத் திரைச்சீலை கேட்டேன். ஒரு மலையாளத் தாதி எங்கிருந்தோ ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அந்த இரவை யாராவது நியாயப்படுத்தினால் அவருக்கு எதிராக முதலில் நிற்பவன் நானாகத்தான் இருப்பேன். புற்றுநோய் வந்தபின் பிழைப்போர் விகிதத்தில் பல மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்குப் பின்னால் பிரித்தானியா நிற்பதும் உண்மை. இவற்றை மறைத்து இந்தச் சேவையைப் புகழ்பவர் அதற்கு நண்பர் அல்லர்.

ஆனால் அம்மா ஏன் நடைபாதையில் கிடந்தார் என்று கேளுங்கள். மேல்மாடி விடுதிகளில் கட்டில் காலியாகவில்லை. ஏன் காலியாகவில்லை? குணமாகி வீட்டுக்குப் போகக்கூடிய முதியவர்கள், வீட்டில் பராமரிப்பதற்கு உள்ளூராட்சி மன்றம் ஆள் ஏற்பாடு செய்யும்வரை அங்கேயே இருக்கிறார்கள். இங்கிலாந்தின் வைத்தியசாலைக் கட்டில்களில் பத்தில் ஒன்றுக்கும் மேல் இப்படி முடங்கிக் கிடப்பதை டார்ஸியின் அறிக்கையும் சொல்கிறது. விடுதியில் கட்டில் இல்லாததால் ஏ அண்ட் ஈ நிரம்புகிறது. ஏ அண்ட் ஈ நிரம்பியதால் ஆம்புலன்ஸ்கள் நோயாளரை இறக்க முடியாமல் வாசலில் வரிசையாக நிற்கின்றன. அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸ் வரவில்லை. இந்தச் சங்கிலியில் காப்புறுதி அட்டை எந்தக் கண்ணியைத் தளர்த்தும்?

ஜெர்மனியைப் பாருங்கள், அங்கே காப்புறுதி, அங்கே வரிசை இல்லை என்பார்கள். பார்ப்போம். ஆயிரம் பேருக்கு இத்தனை கட்டில் என்று கணக்கிட்டால் பிரித்தானியாவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அங்கே உண்டு. தேசிய வருமானத்தில் சுகாதாரத்துக்குச் செலவிடும் பங்கும் அங்கே கூட. அந்தக் கட்டிலையும் டொக்டரையும் தாதியையும் இங்கே கொண்டுவாருங்கள். வரிசை தானாகக் குறையும், 2010இல் குறைந்தது போல. அவற்றைக் கொண்டுவராமல் அட்டையை மட்டும் கொண்டுவந்தால் என்ன மிஞ்சும்? தவணைக் கட்டணம் வசூலிக்க ஒரு படை, கோரிக்கையை நிராகரிக்க இன்னொரு படை, அட்டை இல்லாதவருக்கு மூடிய கதவு. காப்புறுதியை நம்பி வாழும் அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு இன்றும் எந்தக் காப்புறுதியும் இல்லை. அங்கே குறை சொல்ல ஒரு வரிசைகூட இல்லாதவர்கள் அவர்கள்.

நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. நாம் இந்த நாட்டுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தோம். முதல் நாளே ஜி.பி.யில் பதியச் சொன்னார்கள். பிள்ளைகள் பிறந்தபோது பில் வரவில்லை. நம் டொக்டர்மாரும் தாதிமாரும் மருந்தாளர்களும் இந்தச் சேவையை இரவு பகலாகத் தாங்குகிறார்கள். நம் வரியும் அதில் இருக்கிறது. இது யாரோ போட்ட தானம் அல்ல, நம்முடைய பொருள். அதை “முடிஞ்சுது” என்று கைகழுவிவிட்டுச் சென்னைக்கு டிக்கெற் போடுவது நம்மில் வசதியுள்ள சிலருக்கு முடியும். கடையில் பெட்டி தூக்கும் தம்பிக்கும் துப்புரவு வேலைக்குப் போகும் அக்காவுக்கும் முடியாது.

குறை சொல்லுங்கள். ஆனால் அதை மடத்துச் சாப்பாட்டு மேசையோடு நிறுத்தாதீர்கள். வைத்தியசாலையின் நோயாளர் ஆலோசனைப் பிரிவுக்கு எழுதுங்கள். இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்களுக்கு நோயாளர் பங்கேற்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் போய் உட்காருங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது கட்டிலையும் பராமரிப்பு ஊழியரையும் பற்றிக் கேளுங்கள். 34ஐ 70 ஆக்கியது அப்படிப்பட்ட கேள்விகளின் நெருக்குதல்தான்.

அம்மாவுக்கு அடுத்த நாளே சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு மறுநாள் காலை ஓர் இளம் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் வந்து, கையைப் பிடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அவரை எழுந்து நிற்க வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு விடும் நாளில் ஒரு சிறிய அட்டை தந்தார்கள். எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, மிக நன்று முதல் மிக மோசம் வரை கட்டங்கள்; கீழே எழுதக் கொஞ்சம் இடம். எதில் புள்ளடி போடட்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நல்லது எண்டு போடு. பிள்ளையள் என்னைத் தங்கடை தாயைப்போலப் பாத்தவை. ஆனா கீழை எழுது, அண்டைக்கு ரா முழுக்க ஒழுங்கையிலை கிடந்தனான் எண்டு. இனி வாற ஒரு கிழவியும் அப்பிடிக் கிடக்கக் கூடாது எண்டும் எழுது.”

இரண்டையும் எழுதினேன். மடித்துப் பெட்டியில் போடுமுன் அம்மா அதை வாங்கி, நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தந்தார்.